புல் முளைக்கக் கூடாத இடம்

டெல்சி மே கிராப்ட்ரீ. பிறப்பு: 1929 மார்ச் மூன்றாம் தேதி, கம்பர்லாண்ட் மலையின் மேற்குச் சரிவில், லிக் ஓடைக்கரையில் இருந்த மரவீட்டில். தந்தை ஹோபர்ட், உழவர். தாய் ஒர்லீனா. படிப்பு: எட்டாம் வகுப்பு. மதம்: பாப்டிஸ்ட். திருமணம் இல்லை. தொழில்: ஊரில் இருந்த சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தல். உடன்பிறந்தவர்: தங்கை ஐவலீ. இறப்பு: 2009 நவம்பர், ஊர் மருத்துவமனையில், எண்பதாம் வயதில்.

ஐவலீ என் தாய். ஆகவே டெல்சி எனக்குப் பெரியம்மா. கிராப்ட்ரீ குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, மணம், நில விவரங்களை எழுதிக் காப்பது நான்தான். மேலே உள்ள எந்த வரியிலும் என் கருத்து கலக்கவில்லை. இனி வரும் வரிகளுக்கு அந்த உறுதியைத் தர என்னால் இயலாது.

லிக் ஓடைப் பள்ளத்தாக்கை மாநில அரசு பூங்கா அமைக்க 1937இல் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த குடும்பங்கள் விலையைப் பெற்றுக்கொண்டு வெளியேறின. சோளக்கொல்லைகளில் முதலில் பைன் மரம் வந்தது, பிறகு ஓக்கும் ஹிக்கரியும் வந்தன. இன்று அந்த இடத்தைப் பார்ப்பவர் அது ஆதிமுதல் காடாகவே இருந்தது என்று நினைப்பார். பூங்கா அதைத்தான் விரும்பியது. பள்ளத்தாக்கின் வாயிலில், முதல் குடியேறிகளின் காலத்தில் இருந்ததாகச் சொல்லி, உருண்டை மரங்களால் ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டினார்கள். பழைய கோட்டையின் தலைவரான கேப்டன் ஆப்னர் டீக் அங்கே இரண்டு குளிர்காலம் தங்கினார், பிறகு மேற்கே போய் மிசூரியில் இறந்தார். அவருடைய உடல் அங்கேதான் இருக்கிறது. இங்கே அவர் பெயரில் ஒரு வழவழப்பான கல்லும், அதைச் சுற்றி இரும்பு வேலியும் உண்டு. கல்லுக்குக் கீழே மண் மட்டுமே.

எங்கள் இடுகாடு ஓடைக்கு மேலே, இரண்டு சீடர் மரங்களுக்கு நடுவே உள்ள சமதளத்தில் இருக்கிறது. ஏழு கல்லறைகள். டெல்சியின் தாத்தா, பாட்டி, ஒரு சித்தப்பா, காய்ச்சலில் போன இரண்டு குழந்தைகள், தாய் ஒர்லீனா, அவருடன் போன பச்சைக்குழந்தை. ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஓடையிலிருந்து தூக்கிவந்த கல். எந்தக் கல்லிலும் எழுத்து இல்லை.

எங்கள் மக்கள் இடுகாட்டில் புல்லை வளர விடமாட்டார்கள். மே மாதத்து மூன்றாம் ஞாயிறு அலங்கார ஞாயிறு. அன்று குடும்பம் முழுவதும் களைக்கொத்துடன் வந்து, ஒரு புல்தண்டு மிஞ்சாமல் கொத்தி, டாக்வுட் மரக் கிளைகளைக் கட்டிய துடைப்பத்தால் மண்ணைப் பெருக்கி, காகிதப் பூக்களை வைத்து, ஓரத்தில் துணி விரித்துக் கோழி வறுவலும் பீன்ஸும் சோளமாவு ரொட்டியும் உண்பார்கள். இடுகாட்டில் புல் நிற்கிறது என்றால், இறந்தவருக்கு ஆள் இல்லை என்று பொருள். நிலம் போன பிறகும் நாங்கள் இதை ஓர் ஆண்டும் விட்டதில்லை. பூங்காவினர் அந்த ஒரு நாள் எங்களைத் தடுத்ததும் இல்லை. ஐம்பது ஆண்டுப் பெருக்கலிலும் மழையிலும் மண்மேடுகள் தேய்ந்து தரை தட்டையாகிவிட்டது.

1990ஆம் ஆண்டு அலங்கார ஞாயிறன்று பெரியம்மா, என் தாய், நான் மூவரும் காலையிலேயே போனோம். சீடர் மரங்களுக்கு முன்னால் '9' என்று எண் எழுதிய கம்பம் ஒன்று நின்றது. குழாயும் மின்சாரமும் இல்லாத பழைய முறை முகாமுக்காக அந்த வசந்தத்தில் பூங்கா புதிதாக இடங்களைக் குறித்திருந்தது. கம்பத்துக்குப் பின்னால், எங்கள் சமதளத்தில், ஒரு சீடர் மரத்தை ஒட்டி, வெள்ளைக் கித்தான் கூடாரம். அதன் முன்னால் கல் அடுக்கிய நெருப்பு. நெருப்பின் மேல் இரும்புச் சட்டியில் பன்றி இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. சட்டியைப் பிடித்திருந்தவர் மான்தோல் உடையும் ரக்கூன் வால் தொங்கும் தொப்பியும் அணிந்திருந்தார். கையில் கைக்கடிகாரம்.

அவர் பெயர் டாக்டர் லைல் ப்ரூயிட். டீக் கோட்டைக் காலத்து வாழ்க்கையை வாரயிறுதிகளில் வாழ்ந்து பார்க்கும் சங்கம் ஒன்றின் தலைவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவர் எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வாங்கம்மா, வாங்க. காப்பி குடிக்கிறீங்களா? சுடச்சுட இருக்கு."

பெரியம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"இங்கயே இருந்துச்சு. பாதி மண்ணுக்குள்ள. ஆட்டி ஆட்டி எடுத்தோம். அடுப்புக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கு பாருங்க."

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பல் டாக்டர்."

"அதானே பாத்தேன். ஆட்டி ஆட்டிப் புடுங்குறது கைப்பழக்கம்."

அவர் சத்தமாகச் சிரித்தார். பெரியம்மா கையில் இருந்த களைக்கொத்தைக் கீழே ஊன்றினார்.

"சிரிச்சது போதும் தம்பி. ராத்திரி நீங்க படுத்து எந்திரிச்சது எங்கம்மா மேல."

டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. தொப்பியைக் கழற்றினார். காலைப் பார்த்தார், பிறகு எங்கே நகர்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கூடாரத்தை அவரே பிரித்தார். சட்டியை இறக்கினார். ஆனால் பிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? பூங்கா முழுக்கச் சுத்திப் பாத்தோம். இவ்வளவு சமமா, சுத்தமா, ஒரு புல்லுகூட இல்லாம எங்கயும் எடமே கிடையாது. கூடாரம் அடிக்கன்னே யாரோ பெருக்கி வச்ச மாதிரி இருந்துச்சு."

"யாரோ பெருக்கி வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுதில்ல? யாருன்னு யோசிச்சீங்களா? காடு தன்னத்தானே பெருக்கிக்குமா?"

அவர் குனிந்து கூடார முளைகளைப் பிடுங்கினார். அந்தக் கேள்விதான் என்னை இன்றுவரை எரிக்கிறது. நாங்கள் இறந்தவர்களுக்குக் காட்டிய அக்கறையே அந்த இடத்தைச் சிறந்த கூடாரத் தரையாக ஆக்கியிருந்தது. முள்ளும் புதருமாக விட்டிருந்தால் ஒருவனும் அங்கே கால் வைத்திருக்க மாட்டான். எண் போட்ட பூங்கா ஊழியனும் அதே சமதளத்தைப் பார்த்து அதே முடிவுக்கு வந்திருக்கிறான்.

நெருப்பு அணைந்து கற்கள் ஆறும்வரை காத்திருந்தோம். இரண்டு கற்கள் சூட்டில் பிளந்திருந்தன. மற்றவை கரியேறி எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எது யாருடைய கல் என்று என் தாயால் சொல்ல முடியவில்லை, பெரியம்மாவாலும் முடியவில்லை. என் குறிப்புகளில் பெயர்களும் தேதிகளும் இருந்தன, கற்களின் உருவம் இல்லை. சீடர் மரத்துக்கு மிக அருகே இருப்பது ஒர்லீனா என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஆறு பேருக்கும் கல்லை உத்தேசமாகவே திருப்பி நட்டோம். அன்று யாரும் சாப்பிடவில்லை. கொண்டுபோன கோழி அப்படியே திரும்பி வந்தது.

மறுநாள் பூங்கா அலுவலகத்துக்குப் போனோம். பொறுப்பாளர் ராய்ஸ் டிட்வெல் எங்கள் ஊர்க்காரர். அவருடைய தாய் பெரியம்மாவோடு தொழிற்சாலையில் பொத்தான் தைத்தவர்.

"டெல்சியம்மா, எனக்கு மட்டும் வருத்தமில்லையா? ஆனா சட்டம் என்ன சொல்லுது? எழுத்து வெட்டின கல்லு இருக்கணும். இல்லேன்னா முப்பத்தேழு சர்வேயில இடுகாடுன்னு பதிஞ்சிருக்கணும். ரெண்டுல ஒண்ணு இருந்தா நாளைக்கே வேலி போட்டுடுவேன்."

"சர்வேக்காரன் எழுத்து இருந்த கல்ல மட்டுந்தான் எண்ணினான். நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எட்டு வயசு எனக்கு. 'இதெல்லாம் வெறும் கல்லு'ன்னுட்டுப் போயிட்டான்."

"அதத்தான் சொல்றேன். பேப்பர்ல இல்ல."

"எழுத்து வெட்டக் கூலி குடுக்க வழியிருந்தா எங்கப்பன் வெட்டியிருக்க மாட்டானா ராய்ஸு?"

"நான் ஒரு வழி சொல்றேன், கோவிச்சுக்காம கேளுங்க. கொத்துறத விட்டுடுங்க. ரெண்டே வருஷம். புல்லு வளரட்டும், முள்ளுக்கொடி ஏறட்டும். அப்புறம் எவன் அங்க கூடாரம் அடிப்பான்? நான் நம்பரையும் எடுத்துடுறேன்."

"உங்கம்மா மேல முள்ளு ஏறவிட்டியா?"

"அது ஊர் இடுகாடு. அங்க மெஷின் வச்சு…"

"மெஷின் வச்சுப் புல்லத்தான் வெட்டுறான். புல்லு இருக்குல்ல? எங்காளுங்க புல்லுக்கு அடியில படுக்க மாட்டாங்க. படுத்தா அவங்களுக்கு யாரும் இல்லேன்னு அர்த்தம். நான் இன்னும் இருக்கேன்டா."

ராய்ஸ் நெற்றியைத் தேய்த்தார். பெரியம்மா எழுந்திருக்கவில்லை. சுவரில் தொங்கிய முகாம் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்த ஒருத்தர் எடுத்துட்டா வேற யாரும் வரக்கூடாதில்ல?"

"வரக்கூடாது. பதினாலு நாள் இருக்கலாம். அப்புறம் ரெண்டு நாள் காலி பண்ணணும்."

"அந்த ரெண்டு நாளு வேற ஆளு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்…" என்று சொல்லிக்கொண்டே போன ராய்ஸ் நிறுத்தினார். "வேணாம் டெல்சியம்மா. உங்களுக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. அங்க குழாய்கூடக் கிடையாது."

"வயசு பாத்துத்தான் எடம் குடுப்பியா? குடு, எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்த வாரமே அவர் தொழிற்சாலையில் கணக்கை முடித்துக்கொண்டார். ஒன்பதாம் எண் இடத்தில், சீடர் மரங்களுக்கு வெளியே, கல்லறைகளைத் தொடாத ஓரத்தில் பச்சைக் கூடாரம் ஒன்றைப் போட்டார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலில் முகாம் திறக்கும் நாளிலிருந்து அக்டோபர் இறுதியில் மூடும் நாள்வரை அவர் அங்கே இருந்தார். அவர் வெளியேற வேண்டிய நாட்களில் என் தாய் போனார், அல்லது நான் போனேன், அல்லது இருவரும் போனோம்.

மரத்தடி வாழ்க்கை அவருக்கு அமைதி தந்தது என்று யாராவது எழுதினால் அது பொய். அவருக்கு முகாம் பிடிக்கவே இல்லை. கைப்பம்பிலிருந்து தண்ணீரை மேட்டில் சுமந்தார். மழைநாட்களில் கட்டில் கால்கள் சேற்றில் இறங்கின. காலை எழுந்ததும் முதல் வேலை உடம்பில் உண்ணி தேடுவது. ஒருமுறை கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் செப்புத்தலை என்னும் நச்சுப் பாம்பு சுருண்டிருந்தது. அதைக் களைக்கொத்தால் அடித்துவிட்டு உள்ளே போனார். நெருப்பு மூட்டியதே இல்லை, சிறிய எரிவாயு அடுப்பில்தான் சமைத்தார். அந்தக் கற்கள் கரியேறி இருந்ததைப் பார்த்த பிறகு விறகுப் புகையின் வாசனையே அவருக்கு ஆகவில்லை.

வாரயிறுதிகளில் வருவோர் அவரிடம் வலிய வந்து பேசுவார்கள்.

"எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. போன் இல்ல, லைட் இல்ல. அந்தக் காலத்து ஆளுங்க குடுத்து வச்சவங்க."

"எங்கம்மா இப்படித்தான் இருந்தா. லைட் இல்லாம, தண்ணி சுமந்து. வெள்ளிக்கிழம வந்து ஞாயித்துக்கிழம போற மாதிரி இல்ல. போக எடமில்லாம இருந்தா."

ஒரு கோடையில் இளம் தம்பதியர் கூடாரப் பையோடு வந்து நின்றார்கள். முகாம் நிரம்பியிருந்தது.

"அம்மா, உங்க எடத்துல பாதி காலியா இருக்கே. ஓரமா அடிச்சுக்கட்டுமா?"

"காலி இல்ல. ஆளிருக்காங்க."

"எங்க? யாரையும் காணோமே."

"படுத்திருக்காங்க."

அவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் தாய் இதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். பெரியம்மா சிரித்ததில்லை. ஒன்பதாம் எண்ணில் இருக்கும் முரட்டுக் கிழவியைப் பற்றி அலுவலகத்துக்குப் புகார்கள் வந்தன. ராய்ஸ் அவற்றைப் படித்துக் காட்டுவார்.

"'எங்கள் குழந்தையைப் பார்த்து, அங்கே ஓடாதே, அது என் தாத்தா என்றார்.' சொன்னீங்களா?"

"சொன்னேன். தாத்தாவேதான்."

1993இல் அவர் தன் சொந்தச் செலவில் ஏழு பெயர்களும் வெட்டிய ஒரு கல்லைக் கொண்டுபோய் நட்டார். பூங்காவுக்குள் புதிய நினைவுச்சின்னம் வைக்கத் தடை இருந்தது. பழைய எழுத்து இருந்தால்தான் இடுகாடு. புதிய எழுத்து வைத்தால் குற்றம். இரண்டு வாரத்தில் அந்தக் கல் சரக்கு வண்டியில் அவர் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. இந்தச் சட்டத்தை எழுதியவரை நான் சந்தித்ததில்லை. சந்திக்காததே நல்லது என்று நினைக்கிறேன்.

1998 இலையுதிர் காலத்தில் டாக்டர் ப்ரூயிட் மீண்டும் வந்தார். இந்த முறை சாதாரண உடையில், கையில் ஆப்பிள் பை பலகாரத்துடன். எட்டு ஆண்டுகளாக அவர் அந்த ஞாயிறை மறக்கவில்லை என்று நம்புகிறேன். பூங்காவின் மேலதிகாரிகளிடம் பேசியிருந்தார். அவருடைய சங்கம் இரும்பு வேலி போடும். எண் கம்பம் நிரந்தரமாகப் போய்விடும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். எல்லைக்காலத்து, அதாவது முதல் குடியேறிகளின் காலத்து, இடுகாடு என்றால் எழுத்தில்லாத கல்லையும் பூங்கா ஏற்றுக்கொள்ளும்.

"என்ன எழுதுவீங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

டாக்டர் மடித்த தாளைப் பிரித்தார். "'டீக் கோட்டையைக் காத்து மடிந்த பெயர் தெரியாத வீரர்கள் இங்கே உறங்குகிறார்கள்.' இவ்வளவுதான். குடும்பத்துல பரம்பரையா இப்படிச் சொல்லுவாங்கன்னு வெண்டெல் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். குடும்ப ரெக்கார்ட் அவர்தானே வச்சிருக்கார்."

வெண்டெல் என்பது நான்.

பெரியம்மா உடனே மறுக்கவில்லை. அதை மறைக்காமல் எழுத வேண்டும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அறுபத்தொன்பது வயது, முழங்கால் வீங்கியிருந்தது, ஒன்பது கோடைகள் சேற்றில் கழிந்திருந்தன.

"வேலி நெசமா இரும்பா?"

"கேப்டனுக்குப் போட்ட அதே இரும்பு."

"நம்பர் போயிடுமா? மறுபடி யாரும் நட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நான் எழுதி வாங்கித் தர்றேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

"அது உண்மையில்ல பெரியம்மா. ஆனா வேலி வருது. நீங்க போடச் சொன்னாப் போடுறேன்."

நான் அப்படிச் சொன்னேன். அவர் மீண்டும் டாக்டரைப் பார்த்தார்.

"எங்கம்மா எப்படிச் செத்தான்னு அதுல வருமா?"

"அது… அந்தக் காலத்துக்குப் பொருந்தாதேம்மா."

"எந்தக் காலத்துக்கு?"

"எல்லைக் காலத்துக்கு. ஆயிரத்தெழுநூத்து எண்பத்தெட்டு."

"எங்கம்மா முப்பத்தாறுல செத்தா. பிரசவத்துல. ஓடையில வெள்ளம், டாக்டரால வர முடியல. மூணு நாளு கத்தினா. எனக்கு ஏழு வயசு, நாந்தான் வெளக்கப் புடிச்சிட்டு நின்னேன். மூணாம் நாளு கத்தல. அவளத் தூக்கி வெளிய போட்டுட்டு, அவ படுக்கையில எவனோ துப்பாக்கிக்காரனப் படுக்க வைக்கச் சொல்றீங்களா?"

"அப்படி இல்லம்மா, வெறும் போர்டுதான்…"

"அங்க உங்க கேப்டனுக்கு வேலி இருக்கு, உள்ள ஆளில்ல. இங்க ஆளிருக்கு, வேலியில்ல. ஆள மாத்தினா வேலி தருவீங்க. நல்ல ஏவாரம் தம்பி. பலகாரத்த எடுத்துட்டுப் போங்க."

டாக்டர் போய்விட்டார். பலகாரத்தை விட்டுவிட்டுப் போனார். பெரியம்மா அதை ஓடைக்கரையில் ரக்கூன்களுக்குக் கொட்டினார்.

இங்கே என் கருத்தை எழுதுகிறேன். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பசியையும் குளிரையும் மரணத்தையும் விலைகொடுத்து நடித்துப் பார்க்க ஆயிரம் பேர் வருகிறார்கள். அதே பள்ளத்தாக்கில், அதே குளிரில், உயிரோடிருக்கும் ஒருத்தியின் தாய் இறந்தது அவர்களுக்குக் காலத்துக்குப் பொருந்தாத செய்தி. முதலில் வந்தவன் வீரன். அவனுக்குப் பிறகு வந்து, தங்கி, உழுது, பிள்ளை பெற்று, செத்தவர்கள் காட்சியைக் கெடுப்பவர்கள். மாநிலம் எங்களை வெளியேற்றிய பிறகுதான் அந்தக் காட்டுக்கு வரலாறு வந்தது. இதை மென்மையான சொற்களில் எழுத பலமுறை முயன்றேன். வரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பதினொரு கோடைகள் அங்கே இருந்தார். ராய்ஸ் ஓய்வு பெற்றார். பெரியம்மா போன ஒவ்வொரு ஏப்ரலிலும் நாங்கள் தடுத்தோம், ஒவ்வொரு ஏப்ரலிலும் திட்டு வாங்கினோம். 2009 செப்டம்பரில் தண்ணீர்க் குடத்தோடு மேட்டில் விழுந்து இடுப்பு முறிந்தது. பக்கத்து இடத்தில் இருந்த முகாம்காரர்கள் தூக்கிவந்தார்கள். மருத்துவமனையில் இருந்தபடியே என் தாயை அதட்டி ஒன்பதாம் எண்ணுக்கு அனுப்பினார், முகாம் மூடும்வரை. மூடிய பிறகுதான் இறந்தார்.

தாயின் பக்கத்தில் புதைக்க அனுமதி கேட்டேன். இடுகாடு அல்லாத இடத்தில் புதைக்க இயலாது என்று பதில் வந்தது. ஊர் இடுகாட்டில் புதைத்தோம். அங்கே தரையைக் கொத்த விடமாட்டார்கள். அவர் புல்லுக்கு அடியில் இருக்கிறார்.

அடுத்த ஏப்ரலில் முகாம் திறந்த காலையில் நான் கூடாரத்தோடு போனேன். எண் கம்பத்தைக் காணவில்லை. சீடர் மரங்களைச் சுற்றி வேலி நின்றது. பிளந்த மரங்களைக் குறுக்காக அடுக்கிய, பழங்காலத்தார் போடுவது போன்ற வேலி. வேலியைக் கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு பலகையைப் படித்தேன். இடைவிடாத முகாமால் மண் இறுகிப் போயிருப்பதாலும், தாவரம் அழிந்திருப்பதாலும், நிலம் மீள்வதற்காக இந்த இடம் மூடப்பட்டுள்ளது, உள்ளே வரக்கூடாது. உள்ளே கற்கள் இருந்தன. கற்களுக்கு நடுவே புல்விதை தூவி, அதன் மேல் வைக்கோல் பரப்பியிருந்தார்கள்.

புதிய பொறுப்பாளர் கெண்ட்ரா ஆஸ்லி என்ற இளம்பெண். மரியாதையாகவே பேசினார்.

"இது உங்களுக்கு நல்ல செய்திதானே சார்? இனிமே அங்க யாரும் கூடாரம் அடிக்க முடியாது. உங்க பெரியம்மா கேட்டதும் இதத்தானேன்னு சொன்னாங்க."

"புல்லு ஏன் போட்டீங்க?"

"மண்ணு செத்துப் போச்சு சார். ஒருத்தர் இவ்வளவு வருஷம் ஒரே எடத்துல இருந்தா அப்படித்தான் ஆகும். மூணு வருஷத்துல பாருங்க, அங்க எடம் இருந்ததே தெரியாது."

அவருக்கு விளக்கினேன். அவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். விதிவிலக்குக்கு மனு கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். எழுத்து வெட்டிய கல் உண்டா என்று கேட்டு அச்சடித்த பதில் வந்தது.

அந்த மே மாதத்து மூன்றாம் ஞாயிறன்று நானும் என் தாயும் போனோம். அவருக்கு எழுபத்தேழு வயது. வேலிக்கு முன்னால் நின்று பலகையை உரக்கப் படித்தார்.

"நிலம் மீளுதாம். எங்கேருந்துடா மீளுது? எங்ககிட்டேருந்தா?"

"அம்மா, நீங்க இங்க நில்லுங்க. நான் போறேன்."

"மொதல்ல என்னத் தூக்கி விடுடா. அவ எங்கம்மா. உனக்குப் பாட்டிதான்."

தூக்கிவிட்டேன். வைக்கோலை அள்ளி ஓரத்தில் போட்டோம். முளைத்திருந்த புல்லை வேரோடு கொத்தினோம். பாதியில் காவலர் ஒருவர் வந்தார். வெளியே வரச் சொன்னார். நான் போய் அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டேன். என் தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இருப்பா, முடிச்சுக்கிறோம்," என்றார் காவலரிடம். "சீட்டுக் குடுத்துட்டல்ல? அதுக்குண்டான வேலைய முடிச்சுட்டு வர்றோம்."

அவர் நின்று பார்த்தார். நாங்கள் பெருக்கி முடித்தோம். இரண்டு வாரத்தில் மீண்டும் விதை தூவினார்கள். மறு ஆண்டு மீண்டும் கொத்தினோம், மீண்டும் சீட்டு வந்தது. அதற்கடுத்த ஆண்டுகளிலும் அவ்வாறே. இந்த ஆண்டு, 2014இலும், வேலி அப்படியேதான் நிற்கிறது, பலகையும் அப்படியேதான் இருக்கிறது.

ஒர்லீனா கிராப்ட்ரீ, இறப்பு 1936 மார்ச். இடம்: லிக் ஓடை, சீடர் மரத்தடி. புல் கொத்தப்படாத ஆண்டு: இல்லை. இதுவரை, எழுபத்தெட்டு ஆண்டுகள்.